மூன்றாவது ஓலை

என் அக்கா சஜீவனியும் ரொஷான் மச்சானும் சேர்ந்து முதன்முதலில் வாங்கிய பொருள் ஒரு கொப்பி. எண்பது பக்கம், நீல அட்டை, பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள கடையில் வாங்கியது. இரண்டு வீட்டிலும் பேசி மோதிரம் மாற்றுவதற்கு ஒன்றரை வருடம் முன்பே அதை வாங்கிவிட்டார்கள். இடது பக்கத்தில் அக்காவின் கடன்கள், வலது பக்கத்தில் மச்சானின் கடன்கள். ஒரு கடன் தீர்ந்தால் அதைக் கோடு போட்டு வெட்டுவது மற்றவருடைய வேலை. தன் கடனைத் தானே வெட்டக் கூடாது. கடைசிக் கோடும் விழுந்த பிறகுதான் கல்யாணம்.

அக்காவுக்கு இருபத்தாறு வயது. பசறைப் பாதையில் இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து தினமும் பஸ் ஏறி, பதுளையில் சண்முகராஜா முதலாளியின் புடவைக்கடைக்கு வேலைக்குப் போகிறாள். மச்சான் மடுல்சீமையில் ஆட்டோ ஓட்டுகிறார். ஒரு செத்த வீட்டுக்கு வெள்ளைச் சேலை வாங்க வந்தவர்களை ஏற்றிக்கொண்டு வந்தவர், அவர்கள் சேலை பார்த்து முடிக்கும்வரை கடை வாசலில் மழையில் நின்றிருக்கிறார். அக்கா ஒரு பிளாஸ்டிக் கதிரையை எடுத்து வாசலில் போட்டாள். ஒரு மாதத்துக்குள் மடுல்சீமையில் சேலை வாங்குகிற எல்லாரும் அதே கடைக்கு வந்தார்கள். முதலாளிக்குச் சந்தோசம். காரணம் அவருக்கு நெடுநாள் தெரியாது.

இடது பக்கத்தில் மூன்று வரிகள் இருந்தன. மலையில் வழுக்கி விழுந்து அப்பாவுக்குக் கால் முறிந்தபோது எடுத்த குழுக்கடன். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்தது. முதலாளியிடம் வாங்கிய முற்பணம். அந்த மூன்றாவது, என் உயர்தர டியூசனுக்காக வாங்கியது. அக்கா அதை அப்படி எழுதவில்லை, ‘கடை முற்பணம்’ என்று மட்டும்தான் எழுதியிருந்தாள். வலது பக்கத்திலும் மூன்று. ஆட்டோ லீசிங், அவருடைய அக்கா புருசனிடம் வாங்கிய எண்பதாயிரம், டயர் கடைப் பாக்கி.

இதை அடைக்க அவர்கள் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். அக்கா கடையிலிருந்து வந்து சேலைகளுக்கு ஃபோல்ஸ் அடிப்பாள். ஒரு சேலைக்கு நூற்றைம்பது ரூபாய். மச்சான் விடியற்காலையில் மரக்கறி மூட்டை ஏற்றி, பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி, அதற்குப் பிறகுதான் வாடகை ஓட்டத் தொடங்குவார். மடுல்சீமை ரோட்டில் அந்த ஓட்டம் ஓடினால் உழைத்ததில் பாதி வண்டிக்கே போய்விடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பதுளை பஸ் நிலையத்துத் தேத்தண்ணிக் கடையில் சந்திப்பார்கள். ஒரு பிளேன்டீ, இரண்டு வடை. கொப்பியைத் திறப்பார்கள்.

“வேற சோடிங்க எல்லாம் போன்ல போட்டோ பாக்குதுங்க. நீங்க ரெண்டு பேரும் கணக்கு வாத்தியார் மாதிரி உக்காந்திருக்கீங்க” என்று கடைக்காரர் ஒருநாள் கிண்டல் செய்தாராம்.

டிசம்பரில் லீசிங் முடிந்தது. வண்டிப் புத்தகம் தன் பேருக்கு வந்ததும் மச்சான் அதைப் பொலித்தீன் உறையில் போட்டு எங்கள் லயத்து வீட்டுக்கே கொண்டுவந்தார். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அக்கா வலது பக்கத்தில் கடைசிக் கோட்டைப் போட்டாள்.

இடது பக்கத்தில் குழுக்கடன் மட்டும் மிச்சம். அதுவும் நான்கு வாரம்தான்.

குழுக்கடன் எங்கள் பக்கம் எப்படி என்று சொல்ல வேண்டும். ஐந்து பெண்கள் ஒரு குழு. ஒருவருக்கு மற்ற நான்கு பேரும் பிணை. எங்கள் குழுவுக்கு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி, பிலோமி பெரியம்மா வீட்டு இஸ்தோப்பு. லயத்து வாசல் நடையை நாங்கள் இஸ்தோப்பு என்றுதான் சொல்வோம். அங்கே பாய் விரித்து ஐவரும் உட்கார வேண்டும். கடன் கம்பெனியிலிருந்து றினாஸ் என்ற இளைஞர் மோட்டார் சைக்கிளில் வருவார். ஒருத்திக்குப் பணம் குறைந்தால், அது வரும்வரை ஐவரில் யாரும் பாயை விட்டு எழும்பக் கூடாது. அவரும் போகமாட்டார். பிலோமி பெரியம்மா ஒருநாள் பெரட்டுக்கே போக முடியாமல் பாயில் உட்கார்ந்திருந்தார். மலைக்கு ஆள் பிரிக்கிற நேரத்துக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் இல்லை, சம்பளமும் இல்லை.

போன ஆகஸ்டில் குழுவில் ஒருத்தியான கேஷானி தன் முதல் கடனை முடித்துவிட்டு இரண்டாவது கடன் எடுத்தாள். அதற்கும் நால்வரும் கையெழுத்துப் போட்டார்கள். அக்காவும் போட்டாள். அன்று அதைப் பற்றி வீட்டில் பேச்சே வரவில்லை. குழுவில் கையெழுத்துக் கேட்பது பக்கத்து வீட்டில் தேங்காய் துருவி கேட்பது மாதிரி. யாரும் இல்லையென்று சொல்வதில்லை. கொப்பியில் அதை எழுத வேண்டும் என்று அக்காவுக்குத் தோன்றவேயில்லை. அது அவள் கடனில்லையே.

புது வருடம் பிறந்து பத்தாம் நாள் கேஷானி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். ஜனவரி பதினான்காம் திகதி அக்கா தன் கடைசித் தவணையைக் கட்டிவிட்டு, கடன் முடிந்த கடிதத்துக்குக் கை நீட்டினாள்.

றினாஸ் கடிதம் தரவில்லை. “தங்கச்சி, உங்கட முடிஞ்சிரிச்சி. குழு முடியல்லயே. கேஷானிட இன்னும் இருவத்தேழு வாரம் கெடக்கு. அது முடிஞ்சாத்தான் நாலு பேருக்கும் லெட்டர்.”

வாரம் இரண்டாயிரத்து நானூறு. நான்கு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு அறுநூறு. அன்று நால்வரும் பாயில் உட்கார்ந்தபடியே அங்கும் இங்கும் ஆளனுப்பி அந்தப் பணத்தைச் சேர்த்தார்கள். அக்கா கடைக்குப் போகும்போது பத்தரை மணி. முதலாளி அரைநாள் சம்பளத்தை வெட்டினார்.

அந்த ஞாயிறு மச்சான் கேட்டார். “முடிஞ்சிருச்சா?”

“முடிஞ்சிருச்சு.”

“லெட்டர்?”

“அடுத்த செவ்வாக்கெழம தர்றாங்களாம்.”

மச்சான் பேனையை எடுத்து, அடிமட்டம் மாதிரி பஸ் டிக்கட்டை வைத்து, நேராக ஒரு கோடு போட்டார். அக்கா வீட்டுக்கு வந்து என்னிடம்தான் இதைச் சொன்னாள். “அவரு பஸ் டிக்கட்ட வச்சுக் கோடு போட்டாருடி” என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். கேஷானி மாதக் கடைசியில் மொத்தமாக அனுப்புவதாகக் குரல்பதிவு போட்டிருக்கிறாள், அது வந்துவிட்டால் சொல்ல வேண்டிய தேவையே இருக்காது என்றாள்.

திகதி குறித்தார்கள். பெப்ரவரி இருபத்திரண்டு, சனிக்கிழமை. அதைவிட்டால் மார்ச் ஐந்தில் தவக்காலம் தொடங்கிவிடும். தவக்காலத்தில் எங்கள் கோயிலில் கல்யாணம் வைப்பதில்லை. பிறகு உயிர்த்த ஞாயிறு முடிய வேண்டும். நூற்றைம்பது கல்யாணக் கார்டு அடித்தார்கள். சாப்பாடு கிடையாது, கேக்கும் தேத்தண்ணியும்தான் என்றார் மச்சான். அம்மாவுக்கு அதில் வருத்தம்.

“இருவது வருசமா நான் செஞ்ச மொய் எல்லாம் எப்ப திரும்பி வர்றது தம்பி? சோறு போட்டாத்தானே சனம் மொய் எழுதும்?”

“மொய்யும் கடன்தான் அத்த. வாங்கினா திருப்பிச் செய்யணும். புதுசா ஒரு கொப்பி வாங்க என்னால ஏலாது.”

எல்லாரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை.

கோயில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனும் இன்னாருடைய மகளும் திருமணம் செய்ய இருக்கிறார்கள், இதற்கு ஏதும் தடை இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று. பெண்ணின் கோயிலிலும் வாசிப்பார்கள், மாப்பிள்ளையின் கோயிலிலும் வாசிப்பார்கள். ஜனவரி இருபத்தாறாம் திகதி முதலாவது ஓலை. மாணிக்கராஜ், நேசராணி என்று அப்பா அம்மாவின் பேரை ஒலிபெருக்கியில் கேட்டதும் அம்மா முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

மாதக் கடைசி நெருங்கியும் கேஷானியின் பணம் வரவில்லை. வந்தது இன்னொரு குரல்பதிவு. முதல் மூன்று மாதச் சம்பளம் ஏஜன்சிக்காரன் பிடித்துக்கொள்வானாம். அழுதுகொண்டே பேசியிருந்தாள். பின்னால் யாரோ அரபியில் கத்துவதும் கேட்டது. அவளைத் திட்டுவதற்குக்கூட எங்களுக்கு வாய் வரவில்லை.

இருபத்தெட்டாம் திகதி செவ்வாய்க்கிழமை பிலோமி பெரியம்மாவுக்குத்தான் வாய் வந்தது. அன்று கூட்டம் முடிய ஒன்பதரை. பெரட்டு போய்விட்டது. கேஷானி எப்படியாவது அனுப்பிவிடுவாள் என்று அக்கா எல்லாருக்கும் சமாதானம் சொல்லப் போக, பெரியம்மா அவள் மேல் பாய்ந்தார்.

“ஒனக்கென்னடி, நீ மடுல்சீமைக்கு ஓடிருவ. கேஷானி குவைத்துக்கு ஓடுனா, நீ ஆட்டோல ஓடப்போற. நாங்க மூணு பேரும் இந்தப் பாயிலயே கெடந்து மக்கணுமா?”

“நான் எங்கேயும் ஓடல பெரியம்மா. எந்த ஊருல இருந்தாலும் கட்டுவேன்.”

“அந்தப் பயலுக்கு இது தெரியுமா?”

அக்கா தன் பையை எடுத்து மடியில் வைத்தாள்.

“தெரியாதா! அடி ஆத்தாடி. தடை இருந்தா சொல்லச் சொல்லித்தானே பாதர் வாசிக்கிறாரு? மூணாவது ஓலையில நான் எந்திரிச்சு நின்னு சொல்றேன் பாரு.”

மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். பிலோமி பெரியம்மா சிரிக்கவில்லை. அதுதான் அக்காவுக்குள் போய்விட்டது.

அன்று பின்னேரம் வேலை முடிந்து வந்தவள் என்னிடம் கேட்டாள். “நீ சமயப் பாடத்துல நல்ல மார்க் எடுத்தவதானே. கடன் இருந்தா கல்யாணத்துக்குத் தடையா?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் தோட்டத்து மேல்பிரிவில் முன்பு ஒரு கல்யாணம் இரண்டாவது ஓலையோடு நின்றுபோனது எனக்கு ஞாபகம் வந்தது. காசு விசயம் என்றுதான் அப்போது ஊரில் பேசினார்கள். “இருக்கலாம்க்கா” என்று சொன்னேன். அந்த மாப்பிள்ளைக்குப் பண்டாரவளையில் இன்னொரு குடும்பம் இருந்தது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நான் சொன்ன அந்த ஒரு சொல்லால் அக்கா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. கடையில் ஒரு பெண் மூன்று மீற்றர் கேட்க இரண்டு மீற்றர் வெட்டிக் கொடுத்துவிட்டாள். அந்தத் துணிக் காசையும் முதலாளி சம்பளத்தில் பிடித்தார்.

பெப்ரவரி இரண்டாம் திகதி, இரண்டாவது ஓலை. பாதர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேர்களை வாசித்தார். “தடை இருப்பதாக அறிந்தவர்கள்” என்று அவர் சொல்லும்போதே, எங்களுக்கு இரண்டு வாங்கு வரிசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பிலோமி பெரியம்மா எழுந்தார்.

அக்கா என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

பெரியம்மா பக்கவாட்டில் நடந்துபோய், காற்றில் அடித்துக்கொண்டிருந்த ஜன்னலை இழுத்துச் சாத்தி, கொண்டியைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

வீட்டுக்கு நடந்து வருகிற வழியில் அக்கா தேயிலை ஓரத்தில் குந்திக்கொண்டாள். “என்னால மூணாவது ஓலைக்கு உக்காந்திருக்க ஏலாது. யாரோ சொல்லி அவரு கேக்கக் கூடாது. நானே சொல்லிர்றேன்” என்றாள்.

புதன்கிழமை மச்சான் ஒரு நோயாளியை ஏற்றிக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். அக்கா சாப்பாட்டு நேரத்தில் பஸ் நிலையத்துத் தேத்தண்ணிக் கடைக்கு அவரை வரச் சொன்னாள். நான் கணினி வகுப்பொன்றுக்குப் பேர் கொடுக்க அன்று பதுளைக்குப் போயிருந்தேன். தனியாகச் சொல்ல முடியாது என்று என்னையும் பக்கத்தில் இருக்கச் சொன்னாள்.

சுற்றி வளைக்காமல் சொன்னாள். கையெழுத்து, இருபத்தேழு வாரம், குவைத், வராத கடிதம், எல்லாம்.  அவள் முடித்ததும் மச்சான் கையை நீட்டினார். அக்கா பையிலிருந்து கொப்பியை எடுத்துக் கொடுத்தாள். அவர் தான் போட்ட கோட்டைப் பார்த்தார்.

“அப்ப நான் வெட்டினது என்னத்த?”

“என்னோட கடன் முடிஞ்சதுதாங்க. இது கேஷானியோட…”

“கேஷானியப் பத்தி நான் கேக்கல சஜீ. லெட்டர் அடுத்த செவ்வாக்கெழம வரும்னு சொன்னியே, அது?”

அக்கா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்கப்பா கடன மறைச்சு மறைச்சுத்தான் எங்கம்மா சாகுற வரைக்கும் நிம்மதியா தூங்கல. அதுக்குத்தானே இந்தக் கொப்பி. இன்னும் ஏதாச்சும் இருக்கா?”

“இல்ல.”

“இப்ப நீ இல்லங்கிற. நான் எப்படி எடுத்துக்கிறது?”

அவர் பிளேன்டீயைத் தொடாமல் எழுந்து போனார். கொப்பியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். கடைக்காரர் இந்தமுறை கிண்டல் செய்யவில்லை. காசையும் வாங்கவில்லை.

வியாழன், வெள்ளி, சனி. அக்கா விடுத்த அழைப்புகளுக்கு அவர் பதில் சொல்லவில்லை. மடுல்சீமையில் சில இடங்களில் சிக்னல் கிடைக்காது என்று நான் சமாதானம் சொன்னேன். மூன்று நாளாகவா என்று அவள் கேட்கவில்லை. அம்மா அப்பாவுக்கு இதொன்றும் தெரியாது. அம்மா கார்டுகளில் பேர் எழுதி உறையில் போட்டுக்கொண்டிருந்தார்.

ஒன்பதாம் திகதி ஞாயிறு. அக்கா என் பக்கத்தில் உட்காராமல் பிலோமி பெரியம்மாவுக்கு நேர் பின்னால் போய் உட்கார்ந்தாள். எழுந்தால் சேலையைப் பிடித்து இழுக்கிற எண்ணமோ என்னவோ. பூசை முடிவில் பாதர் அறிவித்தல்களை வாசித்தார். சிரமதானம், நோயாளருக்கான செபம். பிறகு ஓலை. பக்கத்துத் தோட்டத்து ஒரு சோடியின் பேரை, அது அவர்களுக்கு முதலாவது ஓலை, வாசித்தார். வாசித்து முடித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“நாம் எழுந்து நிற்போம்” என்றார்.

அக்காவின் பேரை வாசிக்கவில்லை.

எல்லாரும் எழுந்தார்கள். எழும்போதே எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா, பாதர் மறந்துவிட்டார் என்று நினைத்துக் கையை உயர்த்தி ஏதோ சொல்லப் போனார். அப்பா அவர் கையைப் பிடித்து இறக்கினார். முன்வாங்கில் பிலோமி பெரியம்மா திரும்பி அக்காவைப் பார்த்து, “நான் ஒண்ணும் சொல்லலடி. சத்தியமா, மாதா மேல சத்தியமா, நான் வாயே தொறக்கல” என்றார். அவருடைய முகமும் வெளிறிப்போயிருந்தது.

பூசைக்குப் பிறகு பாதரிடம் போனோம். மடுல்சீமை பாதர் நேற்றுப் பின்னேரம் அழைத்து, மாப்பிள்ளை கேட்டபடி மூன்றாவது ஓலையை நிறுத்தி வைக்கும்படி சொன்னாராம். நிறுத்தி வைக்கவா, நிறுத்தவா என்று அப்பா கேட்டார். அது தனக்குத் தெரியாது, பிள்ளைகள்தான் பேச வேண்டும் என்றார் பாதர். அங்கே, மாதா சிலைக்குப் பக்கத்தில் நின்றபடி, அக்கா அம்மா அப்பாவுக்கு எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா அவளை அடிக்கக் கையை ஓங்கினார். அடிக்கவில்லை.

மத்தியானத்துக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. மாப்பிள்ளை வேண்டாமென்று சொல்லிவிட்டானாம், கடன்காரியாம், எண்பதாயிரமாம், இரண்டு லட்சமாம். தண்ணீர்ப் பீலியில் நான் வாளியை வைத்ததும் பேச்சு நின்றது.

செவ்வாய்க்கிழமை காலை அக்கா பாய்க்குப் போனாள். போகாமல் இருக்க முடியாது. அறுநூறு ரூபாயை என்னிடம் கொடுத்து அனுப்பப் பார்த்தால் றினாஸ் ஏற்கமாட்டார், ஆள் இருக்க வேண்டும். நான் இஸ்தோப்புக்கு வெளியே நின்றேன். அன்று மற்ற இரண்டு பேரில் ஒருத்தியிடம் காசு இல்லை. அவள் மகன் அடுத்த பிரிவுக்குக் கைமாற்றுக் கேட்கப் போயிருந்தான். நால்வரும் காத்திருந்தார்கள். எட்டு மணி இருக்கும், கீழே ரோட்டில் ஆட்டோச் சத்தம் கேட்டது.

மச்சான் படியேறி வந்தார். கையில் நீலக் கொப்பி. யாரையும் பார்க்காமல் பாயின் ஓரத்தில், அக்காவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த கொஞ்ச இடத்தில் உட்கார்ந்தார். ஆம்பிளை அந்தப் பாயில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

“யாரு நீங்க?” என்றார் றினாஸ்.

“இவங்கள கட்டிக்கப் போறவன்.”

“நல்லாருக்கு!” பிலோமி பெரியம்மா கையைத் தட்டினார். “ஓலையக் காணோம், மாப்பிள்ள மட்டும் வந்திருக்காரு!”

அக்கா மச்சானைப் பார்க்கவில்லை. குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள், ஆனால் எல்லாருக்கும் கேட்டது. “நிப்பாட்டிட்டு எதுக்கு இங்க வந்தீங்க?”

“நிப்பாட்டல. தள்ளி வச்சேன்.”

“எனக்கு ஒரு வார்த்த சொன்னீங்களா? கோயில்ல அத்தன பேரு முன்னாடி எங்கம்மா கையத் தூக்கிட்டு நின்னாங்க.”

“சொல்லாதது தப்புதான்.”

“நான் சொல்லாததுக்குப் பதிலா?”

மச்சான் கொப்பியை மடியில் வைத்தார். “ஆமா. அப்படித்தான் செஞ்சேன். சனிக்கெழம முழுக்கக் கோவம். பாதர்கிட்டச் சொல்லிட்டு வெளிய வந்ததும் போன எடுத்தேன். என்ன சொல்றதுன்னு தெரியல, வச்சுட்டேன்.”

“கடன் இருக்கிறவ வேணாம்னா நேரா சொல்லுங்க.”

“கடனுக்கில்ல சஜீ. பதினாறாயிரத்துச் சொச்சம் ஒம்பங்கு, ரெண்டு பேரும் கட்டிருவோம். எனக்குக் கொஞ்ச நாள் வேணும். நீ ஒண்ணு சொன்னா, நான் வேற யாருகிட்டயும் கேட்டுப் பாக்காம நம்பணும். இப்ப கேக்கத் தோணுது. அப்படி இருக்கையில கோயில்ல நின்னு மோதிரம் போட ஏலாது.”

“தவக்காலம் வந்துரும்.”

“தெரியும். ஈஸ்டர் முடியட்டும்.”

றினாஸ் தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்திருந்தார். “எனக்கும் கட்டாய வசூல், சேர். வராட்டி என்ட சம்பளத்தில வெட்டுவாங்க” என்றார், யாரும் அவரைக் கேட்காமலே.

மச்சான் கொப்பியைத் திறந்து, இடது பக்கத்தில் அக்காவின் வெட்டப்பட்ட வரிக்குக் கீழே அல்ல, இரண்டு பக்கமும் சேரும் நடு மடிப்புக்கு மேலே எழுதினார். ‘கேஷானி கடன், எங்கள் பங்கு.’ அறுநூறு ரூபாயை எடுத்து அக்காவிடம் கொடுத்தார். அக்கா அதை முழுவதும் வாங்கவில்லை. முன்னூறை மட்டும் வாங்கி, தன் பையிலிருந்து முன்னூறு சேர்த்து றினாஸிடம் கொடுத்தாள்.

கைமாற்றுக் காசு வரப் பத்தே முக்கால் ஆனது. அதுவரை மச்சானும் எழும்பவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஓட்டத்தை அன்று வேறொருவரிடம் விட்டிருந்தார். ஆட்டோவிலேயே அக்காவைக் கடைக்குக் கொண்டுபோய் விட்டார். வழியில் இருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று அக்கா சொன்னாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் அவர் வந்தார். மார்ச் மாதம் ஒரு செவ்வாய் மண்சரிந்து ரோடு மூடியபோது மட்டும் வரவில்லை. அன்று அக்கா எட்டு மணிவரை ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. மண்சரிவை அவர் வீடியோ எடுத்து அனுப்பியிருந்தார்.

“நான் கேக்கவேயில்லயே, எதுக்கு வீடியோ?” என்றாள் அக்கா.

“நீ கேக்க மாட்ட. நான்தான் காட்டணும்.”

அன்றுதான் அவள் அந்த இரண்டு மாதத்தில் முதல்தடவையாகச் சிரித்தாள். ஆனாலும் பயம் போகவில்லை. அவர் அழைப்பை எடுக்கத் தாமதித்தால் அவள் முகம் மாறும். கூடுதலாக ஏதாவது செலவு செய்தால், ஒரு பட்டன் வாங்கினால்கூட, கடைப் பில்லை எடுத்து வைத்துக்கொள்வாள். அவர் அதையெல்லாம் கேட்டதே இல்லை.

கார்டுகளை மறுபடி அடிக்கக் காசில்லை. நூற்றைம்பது கார்டிலும் பெப்ரவரி இருபத்திரண்டை நான்தான் நீலப் பேனையால் வெட்டி, மே பத்து என்று எழுதினேன். மச்சான் பஸ் டிக்கட்டை நீட்டி, கோடு நேராக வர இதை வைத்துக்கொள் என்றார். அம்மா, வெட்டிய கார்டு அபசகுனம் என்றார். பிறகு அவரே உட்கார்ந்து மிச்சப் பேர்களை எழுதினார்.

ஏப்ரல் இருபத்தேழு, உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு. கோயிலில் வழமையைவிடச் சனம். வாசிக்கிறார்களா இல்லையா என்று பார்க்கவே சிலர் வந்திருப்பார்கள். அக்காவின் கையில் போன் இருந்தது. மடுல்சீமைக் கோயிலிலும் அதே நேரம் பூசை. சிக்னல் கிடைக்கிற பின்வரிசையில் நின்று, வாசித்ததும் செய்தி போடுவதாக மச்சான் சொல்லியிருந்தார்.

பாதர் மூக்குக்கண்ணாடியைப் போட்டார். பேர்களை வாசித்தார். மூன்றாவதும் கடைசியுமான அறிவித்தல் என்றார். தடை என்ற சொல் வந்தபோது அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு வாங்கு முன்னால் பிலோமி பெரியம்மா இருமினார், அவ்வளவுதான். அக்காவின் கையில் போன் ஒரு தடவை நடுங்கி நின்றது. மச்சானின் செய்தியில் ஒரே ஒரு சொல். ‘வாசிச்சாச்சு.’

வெளியே வந்ததும் பிலோமி பெரியம்மா அக்காவின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தார். பிறகு குனிந்து காதருகே சொன்னார்.

“சனிக்கெழம கல்யாணம்னு செவ்வாக்கெழம லீவு போட்றாத. பட்டுச் சேல கட்டிட்டு வந்தாலும் சரி, பாயில வந்து உக்காந்துரணும். இன்னும் பன்னெண்டு வாரம் கெடக்கு.”

“வந்துருவோம் பெரியம்மா” என்றாள் அக்கா. “ரெண்டு பேரும்.”